பள்ளிக்கு மட்டம் போடும் பதின்வயதுப் பிள்ளை: கண்டிப்பதா, விட்டுப் பிடிப்பதா, உடன் நிற்பதா?

எட்டாம் வகுப்பு வரை ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் திங்கள்கிழமைதோறும் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளத் தொடங்கினால், அந்த வீட்டில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது. அதட்டி, தேவைப்பட்டால் இரண்டு போட்டு, அனுப்பிவைப்பது ஒரு வழி. வற்புறுத்தினால் மனம் ஒடிந்துவிடும் என்று பிள்ளையின் போக்கில் விடுவது இன்னொரு வழி. வேலை நெருக்கடியில் எதையும் கவனிக்காமல் நாள்களைக் கடத்துவதும், யாரும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்காவிட்டாலும், நடைமுறையில் ஒரு வழிதான். நான்காவது வழி, போகத்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்துகொண்டே, போகவிடாமல் தடுப்பது எது என்று பிள்ளையோடு உட்கார்ந்து கண்டுபிடிப்பது. இந்த நான்கையும் இரண்டு அளவுகோல்களை வைத்து ஒப்பிட விரும்புகிறேன். பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்பது ஒன்று. தன்னைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்பது மற்றொன்று. முதல் மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இரண்டில் ஒன்றையாவது இழக்க நேரிடுகிறது என்பது, வகுப்பாசிரியராக வருகைப் பதிவேட்டோடு பல ஆண்டுகள் பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

ஒன்பதாம் வகுப்பைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் இலவசக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்கிறது. அதாவது எட்டாம் வகுப்போடு சட்டத்தின் பிடி ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதன்பின் பிள்ளை பள்ளியில் தொடர்வது பெரும்பாலும் வீட்டின் கையில்தான் இருக்கிறது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாளில், தமிழ்த் தேர்வுக்கு 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே திடுக்கிட வைத்தது. தேர்வு நாளன்று திடீரென்று யாரும் காணாமல் போவதில்லை. அதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே ஆங்காங்கே ஒருநாள் இருநாள் விடுப்பாகத் தொடங்கியதுதான் கடைசியில் தேர்வறையின் காலி இருக்கையாகத் தெரிகிறது.

வளர்ப்பு முறைகளை இப்படி வகைப்படுத்தும் வழக்கம் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய உளவியலாளர் டயானா பாம்ரிண்டிடமிருந்து வந்தது. 1960களில் பாலர் வகுப்புக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் கவனித்து அவர் மூன்று வகைகளைப் பிரித்தார்: ஆணையிட்டு அடக்கும் வளர்ப்பு, தடையில்லாமல் விட்டுக்கொடுக்கும் வளர்ப்பு, அன்போடு நெறிப்படுத்தும் வளர்ப்பு. 1983இல் எலினார் மெக்கபியும் ஜான் மார்ட்டினும் இதை இரண்டு அச்சுகளாக மாற்றி அமைத்தார்கள். பிள்ளையிடம் பெற்றோர் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பது ஓர் அச்சு. பிள்ளையின் மனத்துக்கு எவ்வளவு செவிகொடுக்கிறார்கள் என்பது மற்றோர் அச்சு. இரண்டும் குறைவாக இருக்கும் வீட்டுக்குக் கண்டுகொள்ளாத வளர்ப்பு என்ற நான்காவது பெயர் அப்போதுதான் சேர்ந்தது. உண்மையான வீடு எதுவும் ஒரே கட்டத்துக்குள் அடங்குவதில்லை. காலையில் அதட்டும் அப்பாவே இரவில் பரோட்டா வாங்கிவந்து சமாதானம் செய்கிறார். ஆனாலும் ஒரு வீட்டின் பொதுவான போக்கு எது என்று பார்க்க இந்த வகைப்பாடு உதவுகிறது.

தன்மதிப்பு என்று இங்கே நான் சொல்வது, மற்றவர்களைவிட நான் உயர்ந்தவன் என்னும் எண்ணத்தை அன்று. நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே மோரிஸ் ரோசன்பர்க் செய்த ஆய்வு 1965இல் வெளியானது. அதற்காக அவர் உருவாக்கிய 10 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல்தான் இன்றுவரை மிகுதியாகப் பயன்படுகிறது. மற்றவர்களுக்குச் சமமான மதிப்பு எனக்கும் உண்டு என்று நினைக்கிறாயா, உன்னிடம் நல்ல குணங்கள் இருப்பதாக உணர்கிறாயா என்ற போக்கில்தான் அதன் வாக்கியங்கள் அமைந்திருக்கின்றன. தேர்வில் 35 வாங்கிய பிள்ளையும் இதற்கு ஆம் என்று சொல்ல முடியும். 95 வாங்கிய பிள்ளை இல்லை என்று சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன், பிள்ளை ஏன் போகவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த முறையையும் எடைபோட முடியாது. பள்ளி மறுப்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டஃபர் கியர்னி, அதற்கு நான்கு நோக்கங்கள் இருக்கக்கூடும் என்கிறார். பள்ளியை நினைத்தாலே வரும் பயத்திலிருந்தும் கலக்கத்திலிருந்தும் தப்பிப்பது. எழுந்து நின்று வாசிப்பது, தேர்வு, சக மாணவரின் கேலி போன்ற மற்றவர் எடைபோடும் சூழலிலிருந்து தப்பிப்பது. வீட்டிலுள்ளவர்களின் கவனத்தைப் பெறுவது. பள்ளிக்கு வெளியே கிடைக்கும் செல்போன், விளையாட்டு, நண்பர் கூட்டம், கைக்காசு ஆகியவற்றை நாடுவது. முதல் இரண்டு காரணங்களால் நிற்கும் பிள்ளைக்கும் கடைசிக் காரணத்தால் நிற்கும் பிள்ளைக்கும் வருகைப் பதிவேட்டில் ஒரே குறிதான் விழுகிறது. வீட்டிலும் ஒரே வசவுதான் விழுகிறது. தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இனிக் கண்டிப்பை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் இதற்கு ஆதரவு மிகுதி. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போகும் அப்பாக்கள் கொடியவர்கள் அல்லர். தமக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்குக் கிடைத்தாக வேண்டும் என்ற தவிப்பைத் தமக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்கிறார்கள். கண்டிப்பால் பயனே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. லாரன்ஸ் ஸ்டைன்பர்க், சூசன் லாம்போர்ன் முதலியோர் விஸ்கான்சின், கலிபோர்னியா மாநிலங்களில் சுமார் 4,100 பதின்வயதினரை ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட முடிவுகளில், ஆணையிட்டு அடக்கும் வீட்டுப் பிள்ளைகள் கீழ்ப்படிதலிலும் பள்ளி ஒழுங்கிலும் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். ஆனால் தம்மைப் பற்றிய மதிப்பீட்டில் பின்தங்கியிருந்தார்கள். உடல் வகுப்பறையில் இருக்கும், தன்னால் ஆகும் என்ற எண்ணம் இருக்காது என்பதே இதன் பொருள்.

அந்த வருகையும் நிலையானதன்று என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பயத்தால் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, பள்ளியைவிடப் பெரிய பயம் வீட்டில் இருக்கிறது. ஒருநாள் அது தலைகீழாக மாறும். காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் தோற்ற மாணவி மதிப்பெண் அட்டையை வீட்டில் காட்ட முடியாது. கையெழுத்தில்லாமல் வகுப்பாசிரியரிடம் திருப்பித் தரவும் முடியாது. அவளுக்கு முன்னால் இருக்கும் வழிகள் இரண்டே: அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுவது, அல்லது அட்டை கேட்கப்படும் நாள்களில் வராமல் இருப்பது. சீருடையோடு வீட்டிலிருந்து கிளம்பி, பேருந்து நிலையத்திலோ தோழியின் வீட்டிலோ மாலை வரை இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளில், அதிகக் கண்டிப்பான வீட்டைச் சேர்ந்தவர்களை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். சொன்னால் அடி விழும் என்று தெரிந்த வீட்டில் எந்தப் பிள்ளையும் முதல் தோல்வியைச் சொல்லாது. பெற்றோருக்கு விஷயம் தெரியவரும்போது ஒரு மாதம் ஓடிவிட்டிருக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரையன் பார்பர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தையைக் கட்டுப்படுத்துவதையும் மனத்தைக் கட்டுப்படுத்துவதையும் பிரித்துக் காட்டினார். இரவு 10 மணிக்குமேல் செல்போன் கிடையாது என்பதும், எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதும் நடத்தைக்குப் போடும் எல்லைகள். "உனக்காக நாங்க படற பாட்டுக்கு நீ செய்யற கைம்மாறு இதுதானா", "உன் அத்தை பையனைப் பாரு, அவனும் உன் வயசுதான்" என்பவையும், மதிப்பெண் குறைந்ததற்காகப் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் மனத்தின்மேல் போடும் பூட்டுகள். முதல் வகை பிள்ளையைக் காக்கிறது; இரண்டாம் வகை பதற்றத்தையும் மனச்சோர்வையும் வளர்க்கிறது. கண்டிப்பான பெற்றோர் என்று பெயரெடுத்த பலர் உண்மையில் முதல் வகையில் தளர்வாகவும் இரண்டாம் வகையில் கடுமையாகவும் இருக்கிறார்கள்: பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்று தெரியாது, ஆனால் மாமா வீட்டுத் திருமணத்தில் எல்லோர் முன்னிலையிலும் அதன் மதிப்பெண்ணைச் சொல்லி அவமானப்படுத்துவார்கள். அடியைப் பற்றித் தனியே விவாதிக்க எனக்கு விருப்பமில்லை. பள்ளியில் உடல்தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்திருக்கிறது. ஆசிரியருக்கு விலக்கப்பட்டதை வீடும் விலக்கிக்கொள்வதே முறை.

கண்டிப்பு நம் பண்பாட்டில் வேறு பொருள் கொள்கிறதே என்று கேட்பவர்களுக்கு, அந்தக் கேள்வி ஆய்வாளர்களுக்கும் எழுந்தது என்று சொல்லலாம். சான்பிரான்சிஸ்கோ வட்டாரப் பள்ளிகளில் 7,836 மாணவர்களைக் கொண்டு சான்ஃபோர்ட் டோர்ன்புஷ் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஆணையிடும் வளர்ப்புக்கும் குறைந்த மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு ஆசிய வம்சாவளி மாணவர்களிடம் எதிர்பார்த்தபடி பொருந்தவில்லை. 1994இல் ரூத் சாவ், சீனக் குடும்பங்களில் கண்டிப்பு என்பது பிள்ளையைப் பழக்கி ஆளாக்கும் அக்கறையோடு பிணைந்தது என்றும், அமெரிக்க வகைப்பாட்டை அப்படியே அதன்மேல் வைப்பது பொருந்தாது என்றும் வாதிட்டார். இரவு இரண்டு மணி வரை பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் விழித்திருந்து டீ போட்டுத்தரும் நம் அம்மாக்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அங்கே பிள்ளையைத் தாங்குவது அந்த விழித்திருத்தல்தான். அதைக் கழித்துவிட்டு அதட்டலை மட்டும் வைத்துக்கொண்டு, இதுதான் நம் பண்பாடு என்று சொல்ல முடியாது. மார்ட்டின் பின்குவார்ட் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பண்பாடுகளுக்கிடையே வேறுபாட்டைவிட ஒற்றுமையே மிகுந்திருந்தது. அன்போடு நெறிப்படுத்தும் வளர்ப்பு உலகின் எல்லாப் பகுதிகளிலும் ஏதேனும் ஒரு நற்பலனோடு தொடர்புகொண்டிருந்தது.

செல்லம் கொடுத்து விட்டுக்கொடுக்கும் வழிக்கு வருவோம். தாம் பட்ட அடி தம் பிள்ளைக்கு விழக்கூடாது என்று உறுதிகொண்ட தலைமுறை இன்று பெற்றோராகியிருக்கிறது. அந்த உறுதி மதிக்கத்தக்கது. 1991 ஆய்வில் இத்தகைய வீட்டுப் பிள்ளைகள் தன்னம்பிக்கையில் குறைவாக இல்லை. ஆனால் பள்ளி ஈடுபாட்டில் பின்தங்கியும், போதைப்பொருள் பழக்கத்திலும் பள்ளி ஒழுங்கு மீறலிலும் முன்நின்றும் காணப்பட்டார்கள். ஸ்பெயினில் பெர்னாண்டோ கார்சியாவும் என்ரிக் கிராசியாவும் 2009இல் வெளியிட்ட ஆய்வு மட்டும், அந்நாட்டில் செல்லமாக வளர்க்கப்பட்டவர்கள் எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை என்று காட்டியது. அன்பு கூடினால் தன்மதிப்பு தாழாது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பள்ளி வருகையைப் பொறுத்தவரை, என் அனுபவம் அந்த அளவுக்கு நம்பிக்கை தரவில்லை.

காரணம், தவிர்த்தலின் இயல்பு. பயப்படும் ஒன்றைத் தவிர்த்தவுடன் மனத்துக்குப் பெரிய ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே மறுநாளும் தவிர்க்கச் சொல்கிறது. திங்கள்கிழமை வீட்டில் இருந்த பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை போவது இன்னும் கடினம்: நடத்திய பாடம் புரியாது, நோட்டு நிரம்பியிருக்காது, ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள். பத்து மணிக்குமேல் வயிற்று வலி தானாகவே போய்விடுகிறது, செல்போனும் கையில் கிடைக்கிறது என்றால், வீட்டில் இருப்பது நாளுக்கு நாள் இனிமையாகிக்கொண்டே வருகிறது. அம்மா வலியை நம்பியது தவறில்லை. பதற்றத்தால் வரும் வயிற்று வலி உண்மையான வலியே, அதை நடிப்பு என்று சொல்வது பிள்ளையை அவமதிப்பதாகும். ஆனால் வலி உண்மை என்பதனால் விடுப்பு மருந்தாகிவிடாது.

இதில் ஒரு சிறு காகிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மறுநாள் வரும் விடுப்புக் கடிதத்தில், ஏறக்குறைய எப்போதும், காய்ச்சல் என்றே எழுதியிருக்கும். பிள்ளையே எழுதி, கீழே பெற்றோர் கையெழுத்துப் போட்டிருப்பார். காய்ச்சல் இல்லை என்பது பிள்ளை, பெற்றோர், வகுப்பாசிரியர் மூவருக்கும் தெரியும். செல்லத்தால் செய்யும் இந்த உதவி, பள்ளியில் உதவக்கூடிய ஒரே ஆளுக்கும் உண்மையான காரணத்தை மறைத்துவிடுகிறது. "என் மகன் கணக்குப் பாட வேளையை நினைத்துப் பயப்படுகிறான், உங்களை நேரில் சந்திக்க வேண்டும்" என்று ஒரு கடிதம் வந்தால், பெரும்பாலான ஆசிரியர்கள் அதைச் சினத்தோடு படிக்க மாட்டார்கள்.

அளவில்லாத புகழ்ச்சி தன்மதிப்பை வளர்க்கும் என்ற எண்ணத்தையும் இங்கே சரிபார்க்க வேண்டும். நெதர்லாந்தில் எடி பிரம்மல்மன் குழுவினர் 7 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், மற்றப் பிள்ளைகளைவிட நீ சிறந்தவன் என்று உயர்த்திப் பிடித்த பெற்றோரின் பிள்ளைகளிடம் தற்பெருமை வளர்ந்தது. அன்பை வெளிப்படையாகக் காட்டிய பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் தன்மதிப்பு வளர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் திடீரென்று கடினமாகும்போது, "நீ புத்திசாலி" என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை முதல் தோல்வியில் அந்தப் பட்டத்தை இழக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ள எளிய வழி, தேர்வன்று வராமலிருப்பது.

கண்டுகொள்ளாத வளர்ப்பைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. தன்மதிப்பு, பள்ளி ஈடுபாடு இரண்டிலும் இதன் விளைவுதான் மிக மோசம் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. ஆனால் நேரமில்லாத பெற்றோரையும் அக்கறையில்லாத பெற்றோரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் அம்மாவும், வளைகுடாவிலிருந்து வாரம் ஒருமுறை காணொளியில் பேசும் அப்பாவும், பிள்ளையின் வாழ்க்கையை அறிந்தவர்களாக இருக்க முடியும். சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000ஆம் ஆண்டில் காட்டியது இதற்குப் பெரிய ஆறுதல்: பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பவை பெரும்பாலும் கண்காணிப்பாலோ விசாரணையாலோ கிடைத்தவையல்ல, பிள்ளையே வந்து சொன்னவை. எட்டு மணிநேரம் வீட்டிலிருந்தும் எதுவும் சொல்லப்படாத பெற்றோர் உண்டு. இரவு அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும் பெற்றோரும் உண்டு.

நேரமில்லை என்பதற்காக விடுதியோடு கூடிய பள்ளியில் சேர்த்துவிடும் முடிவையும் பலர் எடுக்கிறார்கள். நாமக்கல் வட்டாரம் இதற்கே பெயர்பெற்றது. விடுதியில் வருகை நூற்றுக்கு நூறாக இருக்கும். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மணியடித்தால் நகர வேண்டியதுதான். தானே விரும்பிப் போகும் பிள்ளைக்கு அது ஏற்றதாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே பள்ளியை வெறுத்து ஒதுங்கும் பிள்ளையைத் தண்டனைபோல அங்கே அனுப்பினால், நோய்க்கான காரணம் பெட்டி படுக்கையோடு உடன் போகிறது. கேட்பதற்கு இருந்த ஒரே ஆளும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகிறார்.

நான்காவது வழியை நான் பரிந்துரைக்கிறேன். அது எப்படி இருக்கும் என்பதை ஒரு வீட்டின் பேச்சைக்கொண்டே காட்டலாம். பையன் மூன்று திங்கள்கிழமைகளாகப் போகவில்லை. டாக்டரிடம் காட்டியாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை. திங்கள் காலை ஏழரை மணிக்கு, பேருந்துக்கு நேரமாகும் பதற்றத்தில் பேச்சைத் தொடங்காமல், ஞாயிறு மாலை துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்கிறாள்: "திங்கக்கிழமைல என்ன கண்ணு நடக்குது பள்ளிக்கூடத்துல?" முதலில் ஒன்றுமில்லை என்கிறான். அவள் மறுபடி கேட்கவில்லை, எழுந்தும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மேக்ஸ் சார் டெஸ்ட் பேப்பர் குடுக்கும்போது மார்க்கைச் சத்தமாப் படிப்பாரும்மா. கம்மியா எடுத்தவங்க நிக்கணும்" என்கிறான். இப்போது அப்பா சொல்வதுதான் முக்கியம். "நின்னா என்ன, படிச்சிருந்தா நிக்க வேண்டியதில்லையே" என்றால் கதவு மூடிக்கொள்ளும். "சரி, நாளைக்குப் போக வேண்டாம்" என்றால் பயம் வென்றுவிடும். அவர் சொல்கிறார்: "நாளைக்குப் பள்ளிக்கூடம் போறதுல மாத்தம் இல்லப்பா. ஆனா மார்க்கைப் படிக்கறதப் பத்தி நான் நாளைக்கே வந்து சார்கிட்டப் பேசறேன். நான் பேசட்டுமா, இல்ல நீயே பேசறியா, நான் பக்கத்துல நிக்கட்டுமா?"

போவதா வேண்டாமா என்பதில் பிள்ளைக்கு விருப்பத்தேர்வு தரப்படவில்லை. எப்படி எதிர்கொள்வது என்பதில் தரப்பட்டது. தன்மதிப்பு வளர்வது அந்த இரண்டாவது இடத்தில். 10 முதல் 12 வயதுச் சிறுவர்களை ஆராய்ந்து ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் 1967இலேயே எழுதியதும் இதுதான்: தன்மதிப்பு மிகுந்த சிறுவர்களின் வீடுகளில் பிள்ளையை முழுமையாக ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தது, தெளிவான எல்லைகள் இருந்தன, அந்த எல்லைக்குள் பிள்ளையின் கருத்துக்கு மதிப்பும் இருந்தது. எல்லையே இல்லாத வீடுகளில் தன்மதிப்பு மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்கும். 2019இல் பின்குவார்ட் 116 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், நெறிப்படுத்தும் வளர்ப்பு உயர்ந்த தன்மதிப்போடும், ஆணையிடும் வளர்ப்பும் கண்டுகொள்ளாத வளர்ப்பும் தாழ்ந்த தன்மதிப்போடும் தொடர்புகொண்டிருந்தன.

இந்தத் தொடர்புகள் பெரியவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வளர்ப்பு ஒன்றே பிள்ளையைத் தீர்மானிப்பதில்லை. தொடர்பு இருபுறமும் ஓடுகிறது: அமைதியான பிள்ளையிடம் யாரும் பொறுமையாகப் பேசலாம், எரிந்துவிழும் பிள்ளை பொறுமையான பெற்றோரையும் அதட்ட வைத்துவிடுகிறது. அதனால் பள்ளிக்குப் போகாத பிள்ளையின் பெற்றோரைப் பார்த்து, நீங்கள் வளர்த்த லட்சணம் என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. இந்த வழிக்குச் செலவும் உண்டு. பலன் மெதுவாகத்தான் வரும். தாத்தா பாட்டிக்கு முன்னால், பிள்ளைக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்ற பெயரும் கிடைக்கும். ஒரு ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டியிருக்கும். கடைசியாகச் சொன்னது ஏழை வீட்டுக்குச் சிறிய செலவன்று. பெற்றோர் கூட்டத்தை வேலை நாளின் நடுவில் வைத்துவிட்டு, வராதவர்களை அக்கறையற்றவர்கள் என்று எழுதும் பள்ளிகள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

காரணத்தைப் பொறுத்து இந்த வழியின் அழுத்தமும் மாற வேண்டும். நண்பர் கூட்டத்துக்காகவும் செல்போனுக்காகவும் மட்டம் போடும் பிள்ளையிடம் எல்லையை முதலில் இறுக்கலாம்: பள்ளி நேரத்தில் வீட்டில் செல்போன் கிடையாது, வந்துசேர்ந்தானா என்று வகுப்பாசிரியரிடம் காலையிலேயே கேட்டுக்கொள்வது, கைக்காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. பயத்தால் நிற்கும் பிள்ளையை முதல் நாள் பள்ளி வாசல் வரை, அடுத்து இரண்டு பாட வேளை, பிறகு மதியம் வரை என்று படிப்படியாகத் திரும்பக் கொண்டுவருவது நல்லது. திரும்பிவரும் நாளில் வகுப்பின் முன்னால் காரணம் கேட்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பெண்பிள்ளை மாதத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வரவில்லையென்றால், முதலில் பள்ளியின் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள்.

அடி, சாதிக் கொடுமை, பாலியல் தொல்லை ஆகியவற்றுக்கு அஞ்சி ஒரு பிள்ளை நின்றிருந்தால், உறுதி காட்ட வேண்டியது பிள்ளையிடம் அன்று, பள்ளியிடம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தலால் பள்ளிக்குப் போகாமல் இருந்த ஒரு பிளஸ் டூ மாணவர், அதை வெளியே சொன்னதற்காக வீட்டிலேயே வெட்டப்பட்டார். அதைத் தொடர்ந்துதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. வராமை சில வேளைகளில் பிள்ளை எழுப்பும் முதல் அபயக் குரல். அத்தகைய நிலையில் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் புகார் கொடுப்பதும், பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களை அழைப்பதும், பாதுகாப்பு உறுதியாகும் வரை பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதும் சரியான முடிவு. அதைச் செல்லம் என்று யாரும் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சும் வந்தால், வளர்ப்பு முறையை ஆராய்ந்துகொண்டிருக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை எந்நேரமும் கிடைக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்கள் என்னிடம் அதிகம் கேட்பது வேறொன்று: "நான் மாறிக்கிறேன் டீச்சர், அவங்க அப்பா மாற மாட்டாரே?" அப்பா கண்டிப்பு, அம்மா செல்லம் என்ற பங்கீடு நம் வீடுகளில் பழையது, அப்பாவின் அடியை ஈடுகட்ட அம்மா பொய்க் காய்ச்சலுக்குத் துணைபோவாள், அதைக் கண்டுபிடித்த அப்பா இன்னும் கடுமையாவார். இருவரும் ஒரே மாதிரி இருந்தால்தான் நல்லது என்று நினைத்து, அம்மாவும் கண்டிப்புக்கு மாறிவிடுவது இதற்குத் தீர்வன்று. ஆன் ஃப்ளெட்சர், ஸ்டைன்பர்க் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகப் பார்த்தது: பெற்றோர் இருவரும் ஒன்றுபோலக் கடுமையாகவோ ஒன்றுபோலத் தளர்வாகவோ இருக்கும் வீட்டைவிட, ஒருவராவது அன்போடு நெறிப்படுத்துபவராக இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் மேலாக இருந்தார்கள். ஆகவே அப்பா மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொய்க் காரணத்துக்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தி, ஞாயிறு மாலை கேட்கத் தொடங்கி, சொன்னதை வைத்துப் பிள்ளையை இடித்துக்காட்டாமல், திங்கள் காலை பள்ளி வாசல் வரை உடன் வரும் ஒருவர் அம்மாவாகவோ, பாட்டியாகவோ, படித்து முடித்த அக்காவாகவோ இருக்கலாம். பள்ளிக்கு வந்து பேசும்போது வகுப்பாசிரியரிடம் அந்த ஒருவரின் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வேன்.